ஹெலிகாப்டருக்கு இடமுண்டு, பறைக்கு இல்லை

மூன்று மாதமாக என் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் ஊமையாகக் கிடந்தது. பழசுதான். சென்னை ரிச்சி தெருவில் எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கி, காஞ்சிபுரம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து வந்தவாசி பஸ் என்று மடியில் வைத்துக்கொண்டு பெருநகரில் இறங்கினேன். கூட ஒரு பழைய காசியோ கீபோர்டு. அது ஒரு நண்பர் 'வெச்சிக்கோ, என் பையன் தொட மாட்டேங்கிறான்' என்று கொடுத்தது. பகலில் வங்கியில் எழுத்தன், ராத்திரியில் கவிதை, இப்ப இது வேறயா என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும். கவிதை எழுதுகிறவனுக்குத் தாளம் வேண்டும். எனக்குத் தெரிந்த தாளம் என் நைனா அடித்தது. அதைத் தேடிப் போன கதைதான் இது.

மிடி என்றால் என்ன என்று தோழர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்யாண லைட் மியூசிக்கில் ஒரே ஒரு ஆள் கீபோர்டை வைத்துக்கொண்டு வயலின், புல்லாங்குழல், ஷெனாய் எல்லாம் வாசிக்கிறானே, அதன் அடியில் ஓடுவது அது. 1983இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனியைச் சேர்ந்த இகுடாரோ காகெஹாஷியும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் முன்னால் நின்று, ஒருவர் கருவி இன்னொருவர் கருவியோடு பேச ஒரு பொதுமொழி உண்டாக்கினார்கள். வியாபாரத்தில் ஒருத்தனை ஒருத்தன் கவிழ்க்கிற கம்பெனிகள், இந்த ஒரு விஷயத்துக்கு யாரும் யாரிடமும் காசு கேட்பதில்லை என்று ஒத்துக்கொண்டன. அந்த ஆண்டு சனவரியில் அமெரிக்க இசைக்கருவிச் சந்தையில் இரண்டு கம்பெனிக் கருவிகளை ஒரு வயரால் இணைத்து, இதை அழுத்தினால் அது பாடுவதைக் காட்டினார்கள். மூணே வருசத்தில், 1986இல், 'புன்னகை மன்னன்' படத்தின் கம்ப்யூட்டர் இசையைப் பற்றி நம் டீக்கடைகள் பேசின.

முக்கியமான சங்கதி, மிடிக்குள் சத்தம் கிடையாது. அது எனக்குப் புரியத்தான் மூன்று மாதம் ஆச்சு. மிட் கோப்பு ஒன்றை எடுத்து ஓடவிட்டேன். நேரம் ஓடுது, கோடு நகருது, சத்தம் மட்டும் இல்லை. ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டினேன். வயரை மாற்றினேன். கடைசியில் வங்கிப் புத்தி வேலை செய்தது. வவுச்சரில் ஆயிரம் ரூபாய் என்று எழுதியிருக்கும். வவுச்சருக்குள் ரூபாய் இருக்காது. கவுன்ட்டரில் ஒருத்தன் உட்கார்ந்து எண்ணிக் கொடுக்கணும். மிடியும் அப்படித்தான். எந்தச் சுரம், எப்போது தொடங்கணும், எவ்வளவு வலுவாக, எப்போது நிறுத்தணும், இவ்வளவுதான் அதில் எழுதியிருக்கும். ஒரு அடிக்கு மூன்றே மூன்று பைட். சுரத்துக்கு 0 முதல் 127 வரை எண். வலுவுக்கும் 127 வரைக்கும்தான். இதைப் படித்துச் சத்தமாக்கித் தர ஒரு காசாளர் வேணும். அவர் பெயர் சிந்தசைசர்.

என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, காசு கொடுக்காமல் கிடைக்கிற உபுண்டு. விண்டோஸில் அந்தக் காசாளர் கூடவே வந்துவிடுவார், சுமாரான ஆள். உபுண்டுவில் நாமே அழைத்து வந்து உட்கார வைக்கணும். ஃப்ளூயிட்சிந்த் என்று ஒன்று இலவசம். அதற்குச் சத்தமூட்டை ஒன்று கொடுக்கணும், சவுண்ட்ஃபான்ட் என்கிறார்கள். ஃப்ளூயிட்-ஆர்-3 என்கிற மூட்டை சுமார் 140 எம்.பி., அதுவும் இலவசம். அப்புறம் இணைப்பு. திரையில் இடது பக்கம் அனுப்புகிறவர்கள் பெயர், வலது பக்கம் வாங்குகிறவர்கள் பெயர். நடுவில் நாம் கோடு இழுக்கணும். இழுக்காத வரைக்கும் கீபோர்டு கத்திக்கொண்டே இருக்கும், சிந்தசைசர் கேட்டுக்கொண்டே இருக்கும், ஒண்ணும் நடக்காது. ரெண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லை. ஊரும் காலனியும் மாதிரி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டேன். கோடு இழுத்தேன். தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முந்தி, ராத்திரி பதினொரு மணிக்கு, கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது. பியானோ. என் பெண் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

அடுத்த நாளே பறையைத் தேடினேன். இங்கேதான் சனியன் பிடித்தது.

ஜெனரல் மிடி என்று 1991இல் ஒரு பட்டியல் போட்டார்கள். எந்தக் கம்பெனிக் கருவியாக இருந்தாலும் 1 என்றால் பியானோ, 41 என்றால் வயலின், 74 என்றால் புல்லாங்குழல். மொத்தம் 128 இடம். இந்தியாவுக்கு 105இல் சிதார், 112இல் ஷெனாய். தெற்கே ஒன்றும் இல்லை. வீணை இல்லை, நாயனம் இல்லை, பார்ப்பனர் மடியில் வைத்த மிருதங்கமும் இல்லை. சரி, அவர்களுக்கும் இல்லையே என்று சந்தோசப்படுகிற ஆள் நான் இல்லை. மேலே படியுங்கள். 123 கடலலை. 124 குருவிக் கத்தல். 125 டெலிபோன் மணி. 126 ஹெலிகாப்டர். 127 கைத்தட்டல். 128 துப்பாக்கி வெடிச் சத்தம். ஹெலிகாப்டருக்கு இடமுண்டு, துப்பாக்கிக்கு இடமுண்டு. மனுசன் சேதி சொல்லப் பயன்படுத்திய தோலுக்கு, 'பறை' என்றால் 'சொல்' என்றே அர்த்தம் உள்ள கருவிக்கு, இடம் இல்லை.

எங்கள் தாலுகாவின் தலைநகரம் உத்திரமேரூர். பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்லில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலை முறை, உலகத்துக்கே சனநாயகம் சொல்லிக் கொடுத்த ஊர் என்று பிரதமர் முதல் பிளஸ் டூ வாத்தியார் வரைக்கும் பேசுகிறார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அதை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கினவன்தான். ஆனால் குடத்துக்குள் யார் பெயர் எழுதிய ஓலை விழலாம் என்று அதே கல்லில் இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயசு, வேதப் படிப்பு. அப்படியானால் சேரியில் இருந்தவன் பெயர் எந்தக் குடத்தில் விழுந்தது? முப்பது குடும்புக்கும் ஓலை குலுக்கினார்கள், குலுக்கின நேர்மையில் ஒரு குறையும் இல்லை. நம் பெயர்தான் உள்ளே போகவில்லை. 128 இடப் பட்டியலும் எனக்கு அந்தக் குடம் மாதிரிதான் பட்டது. குலுக்குவது நேர்மை, எழுதுவதில் இருக்கிறது சூது.

கோபத்தில் இதையே ஒரு கவிதையாக எழுதி வைத்தேன். எழுதின பிறகு பட்டியலை இன்னொரு தரம் படித்தேன். கவிதையைக் கிழித்துப் போட்டேன். ஏனென்றால், பத்தாவது சானல் தாளக்கருவிகளுக்கு மட்டுமே. அதில் 35 முதல் 81 வரை 47 அடிச்சத்தங்கள். அவற்றில் காங்கா இருக்கிறது, போங்கோ இருக்கிறது, அகோகோ இருக்கிறது, குயீக்கா இருக்கிறது. இவையெல்லாம் யாருடையவை? கப்பலில் சங்கிலி போட்டு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த சனங்களின் பிள்ளைகள் கியூபாவிலும் பிரேசிலிலும் தட்டியவை. கருவிப் பட்டியலில் 115 ஸ்டீல் டிரம், டிரினிடாட் தீவின் ஏழைக் கறுப்பர்கள் எண்ணெய் பீப்பாயைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தது. ஒரு காலத்தில் அங்கே வெள்ளை அரசாங்கம் மேளத்தைத் தடை செய்திருக்கிறது. தடை செய்யப்பட்டவனின் மேளம் பட்டியலுக்குள் வந்துவிட்டது. எப்படி? யாரும் இரக்கப்பட்டுச் சேர்க்கவில்லை. அவர்கள் அந்த மேளத்தை விடவில்லை. ஊருக்கு அடிக்கிற அடிமை வேலையை விட்டு, தனக்காக அடித்தார்கள். அது உலகச் சந்தைக்கே தேவைப்பட்டது.

நாம் என்ன செய்தோம் என்று கேட்டால் சண்டை வரும். வரட்டும். தென்னார்க்காட்டில் இளையபெருமாள் போன்றவர்கள் பறையடிக்க மறுக்கச் சொல்லி நின்றபோது அது தோலைப் பற்றிய சண்டை இல்லை. மேல்சாதி வீட்டுச் சாவுக்குக் கூலியில்லாமல் போய் நிற்பதைப் பற்றிய சண்டை. என் நைனாவும் அப்படித்தான் நிறுத்தினார். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு சாவு. இரண்டு நாள் அடித்துவிட்டு வந்தவருக்குத் திண்ணைக்கு வெளியே இலை போட்டார்கள். அன்றைக்கு ராத்திரி பறையைப் பரணில் போட்டவர் சாகிற வரைக்கும் இறக்கவில்லை. அந்த முடிவால்தான் நான் பட்டம் வாங்கினேன், நாற்காலியில் உட்கார்ந்து காசு எண்ணுகிறேன். அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். மேடையில் பறையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற நகரத்து நண்பர்கள் சிலர், விட்டவர்களை ஏதோ பண்பாட்டைத் தொலைத்தவர்கள் மாதிரிப் பேசுகிறார்கள். அவர்கள் யாரும் எழவு வீட்டு வாசலில் நின்று அடித்தவர்கள் இல்லை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதித் தண்டோராவை நிறுத்தச் சொன்னார், வண்டியில் மைக் கட்டிச் சொல்லுங்கள் என்று. நல்ல காரியம். அந்தத் தோலிலிருந்து இழிவைக் கழற்ற அரசாங்கத்துக்கே 2022 வரை ஆகியிருக்கிறது.

ஆனால் விடுவதோடு முடிந்துவிட்டதா? இல்லை என்று மாமா சொல்கிறார். அவர் என் அம்மாவின் தம்பி. அறுபத்தி நாலு வயசு. எங்கள் சனத்தில் இன்னும் கையில் குச்சி இருக்கிற கடைசி ஆட்களில் ஒருவர். அவரும் எழவு வீட்டுக்குப் போவதில்லை. அம்பேத்கர் பிறந்தநாளுக்கு அடிப்பார், காலனிக் கல்யாணத்துக்கு அடிப்பார். 2025இல் மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ என்று செய்தி வந்தபோது பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் ஒரு வாரம் வைத்திருந்தார்.

அவரைத்தான் பிடித்தேன். பட்டியலில் இல்லை என்றால் நாமே சத்தமூட்டை கட்டிக்கொள்ளலாம், பாலிஃபோன் என்று ஒரு செயலி, அதுவும் இலவசம். ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பதிந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒட்ட வைக்கணும். செய்யாற்று மணலில் போய் உட்கார்ந்தோம். தண்ணி இல்லாத ஆறு, சுவர் இல்லாததால் எதிரொலி இல்லை. தைப்பூசத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் வந்து நிற்கிற மணல். அன்றைக்கு நானும் மாமாவும் ஒரு மைக்கும்தான். அவர் சருகைக் கூட்டித் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சினார். கையில் ரெண்டு குச்சி. மெல்லிசு நீளமானது ஒன்று, கட்டையும் தடியுமாய் ஒன்று. நடுவில் அடி, ஓரத்தில் அடி, ரெண்டுக்கும் மத்தியில் அடி. மெதுவாக, கொஞ்சம் பலமாக, நல்ல பலமாக, முழுப் பலமாக. ரெண்டு குச்சிக்கும் சேர்த்து இருபத்தி நாலு.

'இன்னா மாப்ள, ஒண்ணொண்ணா அடிக்கச் சொல்ற? பேச்ச எழுத்து எழுத்தாப் பிச்சிப் பேசச் சொன்னா எப்பிடிப் பேசறது?'

பதில் இல்லை என்னிடம். இன்னொன்றும் நடந்தது. இருபதாவது அடிக்கு வரும்போது முதல் அடியோடு சுருதி ஒத்துப்போகவில்லை. தோல் ஆறிவிட்டது. மறுபடி தீ, மறுபடி முதலிலிருந்து. கம்ப்யூட்டரில் ஒரு பியானோ சாகிற வரைக்கும் அதே சுருதியில் நிற்கும். பறைக்கு உயிர் இருக்கிறது, அது ஆறும், காயும், ராத்திரிப் பனிக்குச் சோம்பும். மிடியில் சுருதியை வளைக்க 16,384 படி வைத்திருக்கிறார்கள், நானும் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்குகிற மாதிரி செய்து பார்த்தேன். மாமா கேட்டுவிட்டு, 'நெருப்புக் காட்டு' என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மூட்டையைக் கட்டி, கீபோர்டில் அவரையே அழுத்தச் சொன்னேன். இரண்டு அடி அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். 'அடிச்சப்புறமா வருதுடா சத்தம். இது இன்னா, கெணத்துல கூப்பிடறாப்பல.' எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 48,000 துண்டாகச் சத்தத்தை அறுக்கிறது கம்ப்யூட்டர். ஒரு தடவைக்கு 1,024 துண்டு சேர்த்து, அப்படி ரெண்டு தொட்டி நிரப்பித்தான் வெளியே ஊற்றுகிறது. தாமதம் நாற்பது மில்லி நொடிக்கு மேல். 256 துண்டாகக் குறைத்தேன், பத்து மில்லி நொடி சொச்சம். 'இப்ப கிட்ட வந்துட்டான்' என்றார். பள்ளிக்கூடம் அஞ்சாவது வரைக்கும் போன மனுசனின் காதுக்குள் நொடியில் நூறில் மூன்று பங்கு அகப்படுகிறது. அதை ஞானம் என்று எந்த சங்கீத சபையும் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு பொத்தான் இருக்கிறது. குவாண்டைஸ் என்று பெயர். வாசித்ததைக் கட்டத்துக்குள் நேராக்கும். மாமா வாசித்ததை அதில் போட்டேன். அவருடைய மூன்றாவது அடி எப்போதும் ஒரு மயிரிழை பிந்தி விழும். அந்தப் பிந்தலில்தான் ஆடுகிறவனின் இடுப்பு திரும்பும். பொத்தானை அழுத்தியதும் எல்லாம் வரிசையில் நின்றது, பள்ளிக்கூட டிரில் மாதிரி. உடனே பழசுக்கே திரும்பினேன். தாளத்தைத் திருத்துவது யார் என்பதும் அரசியல்தான் தோழர்களே. 'நேரான தாளம்' என்று ஒன்றை யார் கண்டான்?

இனிமேல்தான் நான் சொல்ல வந்த சங்கதி. லைட் மியூசிக் குழுவில் பேட் வாசிக்கிற ஒரு தம்பி, நம்மாள் இல்லை, நல்ல தம்பி, என் சத்தமூட்டை பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தான். எட்டு ரப்பர்த் துண்டு ஒட்டிய பெட்டி அது, ரோலண்ட் 1985இலேயே ஆக்டோபேட் என்று கொண்டுவந்தது. அதைத் தட்டினால் மிடி போகும், எந்தச் சத்தம் வேண்டுமோ அது வரும். 'அண்ணே, பறை சத்தம் குடுங்கண்ணே. ஆடி மாசம் கோயில் கச்சேரிக்கு சனங்க பறை கேக்குறாங்க. ஆளக் கூப்ட்டா அங்க பிரச்சினைண்ணே. சத்தம்னா பிரச்சினை இல்ல' என்றான்.

கள்ளமில்லாமல்தான் சொன்னான். அதனால்தான் எனக்குள் ஏதோ உடைந்தது. ஆள் வந்தால் பிரச்சினை, சத்தம் வந்தால் பிரச்சினை இல்லை. இது புதுசா? பல கோயில்களில் பார்த்திருப்பீர்கள், தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றி மேளமும் மணியும் தாளமும் தானாக அடிக்கும் மின்சார மோளப் பெட்டி. அதற்குத் தீட்டு இல்லை, கூலி இல்லை, திண்ணைக்கு வெளியே இலை போட வேண்டியதில்லை. தோலுக்குத் தீட்டு என்றார்கள், அந்தப் பெட்டியில் இருப்பது என்ன? தீட்டு தோலில் இருந்ததே இல்லை. அடிக்கிறவனின் பிறப்பில் வைத்தார்கள். ஆளைக் கழித்துவிட்டால் தோல் சுத்தமாகிவிடுகிறது.

நான் கட்டியது அந்தப் பெட்டியின் தம்பிதானா? ராத்திரி தூக்கம் வரவில்லை. மாமாவின் இருபத்தி நாலு அடியை எடுத்து, மாமாவை வெளியே நிறுத்துகிறவன் கையில் கொடுக்கிற வேலையை, என் சொந்தக் காசில், என் சொந்தக் கம்ப்யூட்டரில் நானே செய்திருக்கிறேனா?

அழித்துவிடு என்று ஒரு தோழர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாம் கட்டவில்லை என்றால் வேறு எவனாவது கட்டி விற்பான், நம் ஆள் ஒருத்தருக்கு ஐநூறு ரூபாய் கொடுத்து அடிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டு, அட்டையில் 'கிராமியத் தாளம்' என்று பெயர் போட்டு. பறை என்ற சொல்கூட இருக்காது. இன்னொரு பக்கமும் பாருங்கள். 2018 சனவரியில் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறினபோது பறையும் சட்டியும் மின்சார கிட்டாரும் ஒன்றாக நின்றன. யாரும் ஆளைக் கழித்துவிட்டுச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, அடித்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அதனால் எந்திரம் எதிரி இல்லை. கோடு யார் இழுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அனுப்புகிறவர் பெயர் திரையில் இருக்கிறதா, இல்லையா?

ஆகவே நான் சொல்வது இது. நம் கருவிகளை நாமே பதிவோம், காலனிக்குக் காலனி. பத்தாயிரம் ரூபாய் கம்ப்யூட்டரும் இலவசச் செயலிகளும் போதும், ஸ்டூடியோக்காரன் வாசலில் நிற்க வேண்டியதில்லை. கோப்பின் பெயரிலேயே அடித்தவர் பெயரும் ஊரும் இருக்கட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் நிகழ்த்துகிற கலைஞருக்கும் தன் பெயரைச் சொல்லச் சொல்லும் உரிமையைத் தந்திருக்கிறது. ஒற்றை அடி நிகழ்ச்சி ஆகுமா என்று வக்கீல்கள் சண்டை போடட்டும், அது அவர்கள் பிழைப்பு. நாம் காகிதத்தில் எழுதி வாங்குவோம். நான் வங்கிக்காரன், கையெழுத்து இல்லாத வவுச்சரைப் பாஸ் பண்ண மாட்டேன். எழவு வீட்டுக்கு மட்டும் எந்தக் கோப்பும் கிடையாது. நைனா இறக்காத பறையைக் கம்ப்யூட்டர் வழியாக நான் இறக்கித் தர மாட்டேன்.

காகிதத்தை எழுதி மாமாவிடம் படித்துக் காட்டினேன். பெயர் போடணும், பதிவுக்கு இவ்வளவு, கச்சேரிக்கு இவ்வளவு என்று. பொறுமையாய்க் கேட்டார்.

'எம் பேரு போட்டாப் போதுமா மாப்ள? அந்தச் சத்தம் கோயிலுக்குள்ள அடிக்கிறப்ப நானு எங்க நிக்கிறது? அத்த எழுதினியா?'

எழுதவில்லை. அன்றைக்கு ராத்திரியே சேர்த்தேன். இந்தச் சத்தம் எங்கே வாசிக்கப்படுகிறதோ அங்கே அடித்தவரும் உள்ளே வந்து உட்கார்ந்து கேட்க அழைக்கப்படணும் என்று ஒரு வரி. பேட் தம்பிக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். வந்தான், காகிதத்தை ரெண்டு தரம் படித்தான். கமிட்டியிலே கேட்டுட்டு வரேண்ணே என்று வாங்கிக்கொண்டு போனான். நாற்பது நாள் ஆச்சு. கோப்பு என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சாயந்திரம் ஆனால் என் பெண்ணும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து கீபோர்டில் அதை அழுத்துகிறார்கள். மாமா கட்டிலில் உட்கார்ந்து, மூணாவது அடியை இன்னும் கொஞ்சம் பிந்தி அடிங்கடி என்று கத்திக்கொண்டிருக்கிறார்.